அக்வாவுக்கு 16 அங்குல ரிம் போட்டால் ஸ்டியரிங் எப்படி மாறும்?

உப்புவெளி_அக்வா:

வணக்கம் எல்லோருக்கும். என்னிடம் இருப்பது 2014 டொயோட்டா அக்வா. கம்பனி இரும்பு ரிம், மேலே பிளாஸ்டிக் மூடி, டயர் 175/65ஆர்15. நாளாந்தம் உப்புவெளிக்கும் டவுனுக்கும் இடையில் ஓட்டம். இடைக்கிடை ஹபரணை வழியாகக் கொழும்பு. காரில் பெரிய குறை ஒன்றும் இல்லை, ஸ்டியரிங்கைத் தவிர. கையில் ஒன்றுமே தெரிவதில்லை. நேராகப் போகும்போது கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் அசைத்தாலும் கார் பேசாமல் போகிறது. கந்தளாய் தாண்டி நேர் ரோட்டில் 80இல் போனால் சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கச்சான் காற்று காலத்தில் இன்னும் மோசம்.

நண்பன் ஒருவனின் அக்வாவில் 16 அங்குல அலோய். வாங்கி ஓட்டிப் பார்த்தேன், தொட்டவுடன் திரும்புகிறது. இப்போது எனக்கும் ஒரு செட் வந்திருக்கிறது. ரிம் 16க்கு 7 (விட்டமும் அகலமும், அங்குலத்தில்), ஓஃப்செட் 35 மில்லிமீற்றர், டயர் 195/50ஆர்16. பாவித்ததுதான், விலை பரவாயில்லை. போடலாமா? ஸ்டியரிங் உண்மையிலேயே நன்றாகுமா, இல்லை பாரம் மட்டும் கூடுமா? வடிவு எனக்கு இரண்டாம் பட்சம். சரி, முழுக்க இரண்டாம் பட்சம் என்று சொல்ல மாட்டேன்.

கந்தளாய்_பயணி:

போடுங்க மச்சான், யோசிக்க என்ன இருக்கு? 15 அங்குல இரும்பு ரிம்மோடு அக்வாவைப் பார்க்கவே பாவமாக இருக்கும். என் காரில் 17 போட்டிருக்கிறேன், கை வைத்த இடத்துக்குப் போகும். ரிம் பெரிதானால் ஸ்டியரிங் கூர்மையாகும், அவ்வளவுதான் கதை.

சில்லுக்காரர்:

தம்பி, அவ்வளவுதான் கதை என்றால் நான் இத்தனை வருஷம் டயர் கழற்றிப் பூட்டியிருக்கத் தேவையில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் "ஸ்டியரிங் நல்லா இருக்கு" என்று சொல்லும்போது மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் கலந்து சொல்கிறார்கள். திருப்பப் பாரமாக இருக்கிறதா, இலேசாக இருக்கிறதா என்பது ஒன்று. திருப்பினால் கார் எவ்வளவு கெதியாகப் பதில் தருகிறது என்பது இன்னொன்று. ரோட்டில் என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரிகிறதா என்பது மூன்றாவது. பெரிய ரிம் இரண்டாவதை நிச்சயம் மாற்றும். முதலாவதைக் கொஞ்சம் மாற்றும். மூன்றாவதை நல்லதாகவும் மாற்றலாம், கெடுக்கவும் செய்யலாம்.

காரணம் டயரின் பக்கச்சுவர். 175/65 என்றால் அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 வீதம், கிட்டத்தட்ட 114 மில்லிமீற்றர். 195/50 என்றால் 97.5. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முதலில் திரும்புவது ரிம்தான். நிலத்தைத் தொடும் ரப்பர் உடனே கூடத் திரும்பாது, இடையிலிருக்கும் பக்கச்சுவர் முறுகி இழுத்த பிறகுதான் திரும்பும். சுவர் உயரமானால் முறுக அதிக இடம் உண்டு, அதனால் தாமதம். 16 மில்லிமீற்றர் குறைந்தால் அந்தத் தாமதம் குறையும். நண்பரின் காரில் நீங்கள் உணர்ந்தது இதைத்தான்.

மொத்த உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 175/65ஆர்15இன் விட்டம் சுமார் 608 மில்லிமீற்றர், 195/50ஆர்16க்கு 601. ஒரு வீதம் சொச்சம் குறைவு. மீற்றர் கொஞ்சம் கூடக் காட்டும், அதில் பிரச்சினை இல்லை. அளவு சரியானதுதான். அக்வாவின் டூரிங் பக்கேஜுக்கு டொயோட்டாவே 195/50ஆர்16 போட்டு விற்றது.

என் கேள்வி டயரைப் பற்றியதல்ல, அந்த 7 அங்குல ரிம்மைப் பற்றியது. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கடை பூட்டப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை சொல்கிறேன். இப்போதிருக்கும் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது, டயர் எந்த வருஷத்தது என்று பார்த்து எழுதுங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை.

கந்தளாய்_பயணி:

ஐயா, அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அலோய் போட்டவுடனே வித்தியாசம் தெரிகிறதே, அதை எப்படி இல்லை என்பது? இரும்பு ரிம் பாரம், அலோய் இலேசு. அது போதாதா?

ஓர்ஸ்ஹில்_பொறியியல்:

அலோய் எல்லாம் இலேசு என்பது பாதிதான் சரி. ஒரே அளவில் நல்ல அலோய் இலேசாக இருக்கும். ஆனால் வார்த்துச் செய்த மலிவான 16க்கு 7 ரிம், கம்பனியின் ஒடுங்கிய 15 அங்குல இரும்பு ரிம்மை விடப் பாரமாக இருப்பது சர்வசாதாரணம். சந்தேகமென்றால் அரிசி நிறுக்கும் தராசில் இரண்டையும் டயரோடு வைத்துப் பாருங்கள். நிறை கூடியதோடு அது வெளி விளிம்புக்கும் தள்ளிப்போகிறது. சில்லு சுழலவும், பள்ளத்தில் விழுந்து மேலே வரவும் அதிக பலம் வேண்டும். அக்வா மாதிரிச் சிறிய ஹைபிரிட்டில் எரிபொருளிலும் அது தெரியும்.

சில்லுக்காரர் ஐயா சொன்ன மூன்றாவது விஷயத்தை, அதாவது கையில் தெரிவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஸ்டியரிங்கை விட்டால் ஏன் அது தானாக நேருக்கு வருகிறது? இரண்டு காரணம். ஒன்று, திருப்பு அச்சு பின்பக்கம் சாய்த்துப் பூட்டப்பட்டிருக்கிறது, காஸ்டர் என்பார்கள். இன்னொன்று டயருக்குள்ளேயே இருக்கிறது. வளைவில் டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையில் சிறு கோணம் உண்டாகும். நிலத்தைத் தொடும் பகுதியில் முன்பக்க ரப்பர் இப்போதுதான் தொடுகிறது, அதிகம் இழுபடவில்லை. பின்னுக்குப் போகப் போக இழுபாடு கூடுகிறது. ஆகவே பக்கவாட்டு விசை நடுவில் அல்ல, நடுவுக்குச் சில சென்ரிமீற்றர் பின்னால் விழுகிறது. அந்த இடைவெளிதான் சில்லை நேராக்கப் பார்க்கும் முறுக்கத்தைத் தருகிறது. உங்கள் கை உணர்வது பெரும்பாலும் அதைத்தான்.

இனி முக்கியமான இடம். பிடி முழுதாக முடிவதற்கு முன்பே தொடும் பகுதியின் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும். விசை நடுவை நோக்கி முன்னே வரும், நேராக்கும் முறுக்கம் குறையும், கையில் ஸ்டியரிங் இலேசாகும். அதாவது கார் வழுக்க முன்னால் டயர் உங்களுக்குச் செய்தி அனுப்புகிறது. உயரமான பக்கச்சுவரோடு ஒடுங்கிய டயரில் இந்தச் செய்தி மெதுவாக, முன்கூட்டியே வரும். அகலமான, சுவர் குட்டையான டயரில் பிடி கூடலாம், ஆனால் செய்தி பிந்தி வந்து சட்டென்று முடியும். நான் என்றால் முதலாவதை எடுப்பேன். கூர்மைக்கும் உணர்வுக்கும் இடையில் எப்போதும் ஒரு பேரம் இருக்கிறது.

அக்வாவில் மின் பவர் ஸ்டியரிங். அது இந்தச் செய்தியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். என்ன டயர் போட்டாலும் அதை முழுக்க மீட்க முடியாது. இதையும் மனதில் வைத்துக்கொண்டு செலவழியுங்கள்.

கிண்ணியா_ஃபிட்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனக்கு ஹொண்டா ஃபிட், ஆனால் கேள்வி பொதுவானது என்பதால் வருகிறேன். எல்லோரும் அங்குலத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். ஓஃப்செட்டை, அதாவது ரிம்மின் அகலத்து நடுவுக்கும் அது காரில் பூட்டும் முகத்துக்கும் உள்ள தூரத்தை, ஒருவரும் தொடவில்லை. அது குறைந்தால் சில்லு வெளியே தள்ளும்.

அக்வாவின் கம்பனி 15 அங்குல ரிம் 5 அங்குல அகலம், ஓஃப்செட் 39. தம்பி வாங்கப் போவது 7 அங்குலம், 35. கணக்குப் போட்டேன். அகலம் கூடியதால் இரண்டு பக்கமும் 25 மில்லிமீற்றர் சொச்சம், ஓஃப்செட்டால் 4 மில்லிமீற்றர் வெளியே. ஆக வெளி விளிம்பு கிட்டத்தட்ட 29 மில்லிமீற்றர் வெளியே போகிறது, உள் விளிம்பு 21 மில்லிமீற்றர் உள்ளே வருகிறது. மட்கார்டில் தட்டுமா, உள்ளே லைனரில் உரசுமா என்று முதலில் பாருங்கள். குடும்பத்தோடு நான்கு பேர் ஏறிய பிறகு பாருங்கள், வெறும் காரில் பார்த்து ஏமாறாதீர்கள்.

என் மச்சான் தன் ஃபிட்டில் வடிவுக்காக ஸ்பேசர், அதாவது சில்லை வெளியே தள்ளும் தட்டு, போட்டான். அதற்குப் பிறகு எங்கள் கிண்ணியாப் பாலத்தில் ஒவ்வொரு மூட்டிலும் ஸ்டியரிங் கையில் உதைக்கும். 396 மீற்றர் நீளப் பாலம், 2009இல் திறந்தது, நல்ல பாலம். குறை பாலத்தில் இல்லை. சில்லை வெளியே தள்ளியதும் திருப்பு அச்சு நிலத்தைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிவிட்டது. ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் விழுந்தால் அந்தத் தூரம் நெம்புகோலாக நின்று ஸ்டியரிங்கை இழுக்கும். பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் மணல், மறுபக்கம் தார் என்றால் இன்னும் மோசம். நிலாவெளிப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, லொறித்தடம். சீனக்குடாவிலிருந்து சீமெந்து லொறியும் கோதுமை மா லொறியும் போய்ப் போய் ரோட்டில் தடம் விழுந்த இடங்களில், அகலமான டயர் அந்தத் தடத்தின் சரிவைப் பிடித்துக்கொண்டு காரைத் தன் பாட்டில் இழுக்கும். சிலருக்கு அது "ரோட்டை உணர்கிறேன்" என்று தோன்றும். எனக்கு அது ரோட்டோடு சண்டை.

உப்புவெளி_அக்வா:

நானா, அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. ஐயா கேட்ட விவரம்: இன்று காலை கார் எடுக்க முன்னால் அளந்தேன். முன்னால் 27, 28 பிஎஸ்ஐ. பின்னால் 29. டயர் நான்கில் இரண்டு 2017, இரண்டு 2021. முன்னால் இருப்பது 2017. பள்ளம் இன்னும் இருக்கிறது, தேய்மானக் கட்டையைத் தொடவில்லை.

சில்லுக்காரர்:

பாதி விடை அங்கேயே கிடக்கிறது தம்பி.

முதலில் காற்று. டயரின் பக்கச்சுவர் தனியாக எதையும் தாங்குவதில்லை, உள்ளே இருக்கும் காற்றுதான் அதை விறைப்பாக வைத்திருக்கிறது. 27இல் ஓடும் 65 சுவர் டயர், காற்றுக் குறைந்த பந்து மாதிரி. நீங்கள் ஸ்டியரிங்கில் சொல்வதை முதலில் அதுதான் வாங்கி விழுங்கும். சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். அந்த அளவுக்கு அடியுங்கள். பிறகு முன்னால் மட்டும் ஒன்று, இரண்டு கூட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் மாறுவது அன்றைக்கே தெரியும், செலவு ஒன்றும் இல்லை. அதற்குமேல் ஏற்றிக்கொண்டே போக வேண்டாம். தொடும் பகுதி சுருங்கும், சின்னக் கல்லுக்கும் கார் துள்ளும், ஈரத்தில் பிடி விடும்.

அளப்பது காலையில்தான். எங்கள் ஊர் வெயிலில் நின்ற காரை மத்தியானம் அளந்தால் கூடத்தான் காட்டும். உள்ளே 10 பாகை சூடு கூடினால் ஒன்றரைக்கும் இரண்டு பிஎஸ்ஐக்கும் இடையில் ஏறும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குகிறவர்கள் அதிகம், சில இடங்களில் வேலை செய்கிற பையன்களே இறக்கிவிடுகிறார்கள். விடிந்தால் டயர் மெலிந்து நிற்கும்.

அடுத்தது வயசு. பள்ளம் இருக்கிறது என்பது போதாது. ரப்பர் காய்ந்து இறுகிவிடும், கடற்கரை வெயிலில் இன்னும் கெதியாக. இறுகிய ரப்பர் வழுக்கத் தொடங்கும் இடத்தைச் சத்தம் போட்டுத்தான் சொல்லும், கைக்குச் சொல்லாது. முன்னால் 2017, பின்னால் 2021 என்று கலந்து ஓடுவதும் சரியில்லை. முன் பின் பிடி வேறுபட்டால் கார் எந்தப் பக்கம் முதலில் விடும் என்று உங்களுக்கே விளங்காது.

மூன்றாவது அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம். முன் சில்லு இரண்டும் வெளியே பார்த்து நின்றால் நேர் ரோட்டில் கார் அலையும், நீங்கள் சொன்ன மாதிரி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் பார்த்தால் நேர் பிடிக்கும், அதிகமானால் டயரின் வெளி ஓரம் தேயும். மெசினில் ஏற்ற முன்னால், ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் மூட்டுகளான டை ரொட் எண்ட், ரெக் எண்ட் ஆடுகிறதா என்று தூக்கிப் பாருங்கள். ஆடுகிற மூட்டோடு அலைன்மென்ட் செய்வது காசை வீசுவது.

இனி அந்த 7 அங்குல ரிம். 195/50ஆர்16 டயருக்கு ஐந்தரை முதல் 7 அங்குலம் வரை ரிம் போடலாம். 7 என்பது மேல் எல்லை. எல்லையில் நிற்கும்போது டயரின் சுவர் நேராக நிற்காமல் இழுபட்டு வெளியே சாயும். இதில் ஒரு நல்லதும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ரிம் அகலமானால் அதே டயர் பக்கவாட்டில் விறைக்கும், ஸ்டியரிங் உடனே பதில் தரும். கந்தளாய்த் தம்பியின் காரில் அவர் உணர்வது 17இன் மகிமை என்று நினைக்கிறார், அதில் பெரும் பங்கு ரிம்மின் அகலத்துக்குச் சேரும். ஆனால் இழுபட்ட சுவர் ரிம்மைக் காப்பாற்றாது. பள்ளத்தில் விழுந்தால் ரிம் விளிம்பு நேரே கல்லில்.

ஓர்ஸ்ஹில்_பொறியியல்:

ஐயா சொன்ன ரிம் அகலம் பலர் கவனிக்காத விஷயம். ரிம் உயரத்தை மாற்றாமலே, 15இல் நின்றுகொண்டே ஸ்டியரிங்கை மாற்றலாம். 175/65க்கு 5 அங்குல ரிம் கீழ் எல்லை. கம்பனி அதைப் போட்டது எரிபொருளுக்காகவும் நிறைக்காகவும். அதே 15இல் 6 அங்குல ரிம், 185/60 டயர் என்று போனால் விட்டம் 603, சுவர் 111 மில்லிமீற்றர். சுவர் உயரத்தில் பெரிய மாற்றமே இல்லை, ஆனால் அகலமான ரிம்மில் அது நிமிர்ந்து நிற்கும்.

இன்னொரு விஷயம். டூரிங் பக்கேஜ் அக்வாவின் திரும்பு ஆரை 5.7 மீற்றர். 15 அங்குல அக்வாவுக்கு 4.8. கிட்டத்தட்ட ஒரு மீற்றர் வித்தியாசம். அகலமான டயர் உள்ளே தட்டாமலிருக்க, சில்லு திரும்பும் அளவைக் கம்பனி குறைத்திருக்கிறது. உங்கள் காரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, சில்லு முழுக்கத் திரும்பும். 7 அங்குல ரிம்மை அதில் பூட்டி முழுக்க வளைத்தால் எங்கே உரசும் என்று நீங்களே ஊகியுங்கள். மத்திய வீதியில் நெருக்கி நிறுத்திய வாகனங்களுக்கு நடுவில் ஒரே வெட்டில் திரும்பும் சுகத்தை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

கந்தளாய்_பயணி:

4.8, 5.7 கதை எனக்குப் புதிது. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரேக்? ஹபரணைப் பக்கம் இரவில் யானை குறுக்கே வந்தால் அகலமான டயர்தானே நிறுத்தும்? நான் அதற்காகவும்தான் 17க்குப் போனேன்.

ஓர்ஸ்ஹில்_பொறியியல்:

காய்ந்த ரோட்டில், நல்ல டயரென்றால் ஓரளவு உண்மை. ஆனால் நிலத்தைத் தொடும் பரப்பு அகலத்தால் பெரிதாகக் கூடுவதில்லை. முன் சில்லு ஒன்றில் முந்நூறு கிலோ சொச்சம் இறங்குகிறது, காற்று 33 பிஎஸ்ஐ என்றால் பரப்பு சுமார் 140 சதுர சென்ரிமீற்றர். அகலமான டயரில் அதே பரப்பு குறுக்காக நீண்டு, நெடுக்காகச் சுருங்கும், அவ்வளவுதான். நான் முதலில் எழுதிய பின்தள்ளிய இடைவெளியும் அதனால்தான் சுருங்குகிறது.

மழையில் நிலைமை தலைகீழ். அகலமான டயர் அதிக தண்ணீரை விலக்க வேண்டும். 1960களில் நாசா விமானச் சில்லுகளை வைத்து ஒரு தோராயக் கணக்கு எடுத்தது: ரோட்டில் தண்ணீர் தேங்கி, டயரில் பள்ளமும் இல்லையென்றால், எந்த வேகத்தில் சில்லு தண்ணீருக்கு மேல் மிதக்கத் தொடங்கும் என்று. அது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. 32 பிஎஸ்ஐக்கு மணிக்கு 94 கிலோமீற்றர் அளவில் வரும், 24க்கு 82. நல்ல பள்ளம் இருந்தால் இதைவிட மேலே போகலாம். கார்த்திகை, மார்கழி மழையில் கொழும்புக்குப் போகிறவர் ரிம்முக்கு முன்னால் காற்றையும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். மிதக்கும்போது ஸ்டியரிங் சட்டென்று இலேசாகும். அந்த நேரம் திருப்பாதீர்கள், பிரேக்கை அமத்தாதீர்கள். அக்சிலேட்டரை மட்டும் மெதுவாக விடுங்கள்.

யானைக்கு வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து, டயர் இல்லை.

பாலையூற்று_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் வேகன் ஆர் ஓடுகிறேன். போன வருஷம் பழைய 155/65ஆர்14 ரிம்மைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய 15 அங்குல அலோய், 165/55ஆர்15 டயர் போட்டோம். 80 வந்தவுடன் ஸ்டியரிங் நடுங்குகிறது. பலன்சிங் இரண்டு இடத்தில் செய்தாயிற்று. ஒரு கடையில் ரிம் நெளிந்திருக்கிறது என்றார்கள், இன்னொரு கடையில் ரோடு சரியில்லை என்றார்கள். ரோடு எனக்கு மட்டுமா சரியில்லை?

சில்லுக்காரர்:

டீச்சர், டயர் அளவு சரி, அதே வண்டியின் வேறு மொடலுக்கு வருகிற அளவுதான். நடுக்கத்துக்கு நான் முதலில் பார்ப்பது ரிம்மின் நடுத்துளை. சுசுகியின் ஹப், அதாவது அந்தத் துளைக்குள் உட்காரும் காரின் நடு அச்சுப் பகுதி, 54 மில்லிமீற்றர். வெளியில் விற்கும் அலோய்களில் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று துளையை 73 மில்லிமீற்றர் அளவுக்குப் பெரிதாக விடுவார்கள். இடைவெளிக்கு ஒரு வளையம் போட வேண்டும், பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ இருக்கும். அது இல்லாவிட்டால் ரிம் நட்டுகளின் தயவில் தொங்கும், ஒரு மயிரிழை தள்ளிப் பூட்டினாலும் நடுங்கும். பலன்சிங் மெசின் நடுவைத் தானே பிடித்துக்கொள்வதால் அங்கே சரியென்றே காட்டும்.

அப்புறம் நட்டு. சுசுகியின் புரி 12க்கு 1.25 (போல்ட்டின் விட்டமும் புரிகளின் இடைவெளியும், மில்லிமீற்றரில்). டொயோட்டாவும் ஹொண்டாவும் 12க்கு 1.5. மாறிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகும். அதை நட்டு இறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் அடித்து ஏற்றிவிட்டால் போல்ட்டின் புரி போய்விடும். நட்டின் அடியும் பாருங்கள், அலோய்க்குக் கூம்பு, ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை. பொருந்தாத அடி ரிம்மில் முழுதாக உட்காராது.

நடுக்கம் கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சில்லு, ஆசனத்தில் தெரிந்தால் பின். முன் பின் மாற்றிப் போட்டு ஓடிப் பாருங்கள். நடுக்கமும் கூடவே பின்னால் போனால் குற்றவாளி சில்லு. போகாவிட்டால் வண்டி.

பாலையூற்று_டீச்சர்:

துளையில் வளையம் எதுவும் இல்லை அண்ணா, இப்போதுதான் மகன் ஒன்றைக் கழற்றிப் பார்த்தான். கறுப்பாகச் சுற்றி இடைவெளி நன்றாகவே தெரிகிறது. விற்றவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

கிண்ணியா_ஃபிட்:

டீச்சர், இரண்டு பக்கத்தையும் வேனியரால் அளந்துதான் வளையம் வாங்க வேண்டும், ஹப்பின் வெளிவிட்டமும் ரிம்மின் உள்விட்டமும். "வேகன் ஆருக்குத் தாங்கோ" என்று கேட்டு வாங்கினால் பொருந்தாது. கடல் காற்றுக்கு அலுமினிய வளையம் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும், பூட்டும்போது கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். நட்டில் தடவ வேண்டாம்.

உப்புவெளி_அக்வா:

இரண்டு செய்தி. முதலாவது, காற்றைக் கதவுத்தூணில் உள்ள அளவுக்கு ஏற்றி, முன்னால் இரண்டு கூட்டினேன். அலைன்மென்டும் செய்தேன். முன் சில்லுகள் வெளியேதான் பார்த்திருந்தன. வலப்பக்க டை ரொட் எண்ட் ஆடியது, மாற்றியாயிற்று. வித்தியாசம் நம்ப முடியாத அளவு. நேர் ரோட்டில் திருத்துவது பெரும்பாலும் நின்றுவிட்டது. நண்பனின் 16 போலத் தொட்டவுடன் திரும்பாது, ஆனால் அவனுடையதில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது, வளைவில் ஸ்டியரிங் மெதுவாகப் பாரமாகிக்கொண்டு வருவது தெரிகிறது.

இரண்டாவது, அந்த அலோய் செட்டைப் போய்ப் பார்த்தேன். டயர் நான்கும் 2016. ஒன்றில் உள்பக்கச் சுவரில் நகம் நுழையும் வெடிப்பு. ரிம் ஒன்றின் உள்விளிம்பில் ஒட்டு வேலை செய்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விற்பவர் "அது வார்ப்புக் கோடு தம்பி" என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முன் டயர் இரண்டையும் எப்படியும் மாற்ற வேண்டும். ஐயா, 185/60ஆர்15 போடலாமா, அதுவும் இப்போதுள்ள 5 அங்குல ரிம்மிலேயே?

சில்லுக்காரர்:

185/60க்கு 5 அங்குலம் கீழ் எல்லை, போடலாம். ஆனால் அதில் ஒரு பயனும் இல்லை. ஒடுங்கிய ரிம்மில் டயர் வயிறு தள்ளி நிற்கும், நீங்கள் இப்போது வாங்கிய உணர்வையே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ரிம் மாற்றாவிட்டால் 175/65இலேயே நில்லுங்கள், நான்கும் ஒரே வகையாக வாங்குங்கள். ரிம் மாற்றினால் 15க்கு 6, ஓஃப்செட் 39, 40க்குப் பக்கத்தில், 185/60. சுமைச் சுட்டெண் 84க்குக் குறையக்கூடாது, 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ. அந்த அளவு ஃபிட்டுக்கும் வருவதால் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

வகையையும் கேளுங்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் டயர், சத்தமில்லாத டயர், விறைப்பான டயர் என்று ஒரே கம்பனியிலேயே மூன்று இருக்கும். அளவு ஒன்றுதான், ஸ்டியரிங் மூன்று விதம். சொகுசு டயரின் சுவர் மெதுமெதுவென்று இருக்கும். கடையில் சும்மா நிற்கும் டயரின் சுவரைக் கையால் அமத்திப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

கந்தளாய்_பயணி:

நான் 17இல் இருந்து இறங்கப் போவதில்லை, சொல்லிவிட்டேன். வடிவும் ஒரு காரணம்தானே. ஆனால் காற்றை அளந்து பார்த்தேன், இடமும் வலமும் ஐந்து வித்தியாசம். அதை யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஓர்ஸ்ஹில்_பொறியியல்:

சொல்ல மாட்டோம். குட்டைச் சுவரில் காற்றுக் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் உங்களுக்குத்தான் மானி அதிகம் தேவை.

கிண்ணியா_ஃபிட்:

உப்புவெளித் தம்பி, மூதூரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் 15க்கு 6 செட் ஒன்று இருக்கிறது. ஓஃப்செட் 40 என்று ரிம்மின் பின்னால் அடித்திருக்கிறது, நான் பார்த்தேன். நட்டுக்கு நான்கு துளை, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர். டயர் இல்லை, வெறும் ரிம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போகலாம், வருவதென்றால் சொல்லுங்கள்.

உப்புவெளி_அக்வா:

வருகிறேன் நானா. நடுத்துளை என்ன அளவு?

கிண்ணியா_ஃபிட்:

அதை அளக்கவில்லை. வேனியரை எடுத்து வருகிறேன்.

சில்லுக்காரர்:

அக்வாவின் ஹப் 54.1. நட்டு உங்கள் பழைய இரும்பு ரிம்மினுடையதை அப்படியே போடலாம் என்று நினைக்காதீர்கள், புது ரிம்மின் துளையில் ஒன்றை வைத்துப் பார்த்து, அடி முழுக்க உட்காருகிறதா என்று பாருங்கள். பூட்டும்போது 103 நியூட்டன் மீற்றர், டோர்க் ரென்ச்சால். நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு இன்னொரு தடவை.